குளத்துப் பறவைக் கணக்கைக் குளம் வாரியாக வெளியிடக் கோரி மனு

அனுப்புநர்
நீர்ப்பறவைக் கணக்கெடுப்புத் தன்னார்வலர்,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு விவரங்களையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளையும் (ஊரின் செடிகொடி, உயிரினங்கள், மரபறிவைக் குறித்துவைக்கும் ஏடுகள்) பொதுமக்கள் பார்க்கும்படி தமிழில் வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் விவசாயி. பன்னிரண்டு வருடமாகத் தை மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறேன். தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் நடத்துகிற கணக்கெடுப்பிலும், வனத்துறை ஆண்டுதோறும் நடத்துகிற கணக்கெடுப்பிலும் கலந்துகொண்டிருக்கிறேன். விடியுமுன் குளத்துக் கரையில் ஏறி நிற்போம். ஒருவர் பைனாகுலரில் எண்ணிச் சொல்ல, ஒருவர் படிவத்தில் ஐந்தைந்து கோடாகப் போட்டுக்கொண்டே வருவார்.

இந்த மனுவை எழுதவைத்தது மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒரு சம்பவம். அந்தத் தையில் ஒரு குளத்தில், தண்ணீருக்குள் நின்ற பதினோரு கருவேல மரங்களில் 46 கூடுகளை எண்ணினோம். பெரும்பாலும் மஞ்சள் மூக்கு நாரை. படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். பங்குனியில் அந்த மரங்கள் ஏலம் போயின. நான் போய்ச் சேர்ந்தபோது வெட்டி முடித்திருந்தார்கள். இறகு முளைக்காத குஞ்சுகள் சேற்றில் கிடந்தன. தாய்ப் பறவைகள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டேன். "அங்கே கூடு இருப்பதாக எங்களிடம் எந்தப் பதிவும் இல்லையே" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் படிவம் வேறொரு அலுவலகத்தில் இருந்தது.

கணக்கெடுப்பு முடிந்ததும் இத்தனை இனம், இத்தனை பறவை என்று மொத்த எண்ணிக்கை செய்தியாக வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் மாவட்ட மொத்தத்தை வைத்து ஒரு மரத்தைக் காப்பாற்ற முடியாது. எந்தக் குளம், எந்த மாதம், என்ன பறவை, கூடு உண்டா என்பதுதான் வேண்டும். சிலர் தங்கள் கணக்கை, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) செயலியில் ஏற்றுகிறார்கள். அது பறவை பார்ப்பவர்களுக்குத் தெரியும்; ஊராட்சித் தலைவருக்கோ, வண்டல் மண் எடுக்க அனுமதி தரும் தாசில்தார் அலுவலகத்துக்கோ தெரியாது.

எங்கள் வட்டத்துக் கூந்தன்குளம் 1994 முதல் சரணாலயம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. அங்கே பறவைகளுக்காக ஊர்மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. தங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். சுற்றியுள்ள மற்ற குளங்களுக்குச் சரணாலயப் பலகை கிடையாது, காவலரும் கிடையாது. ஆனால் கூந்தன்குளத்துப் பறவைகள் இரை தேடுவது இந்தக் குளங்களிலும் வயல்களிலும்தான். ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் வற்றிய பின் அவை எங்கே போகின்றன என்பதையும் பல வருடக் கணக்கை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, யாரும் மனுப் போடாமலேயே தகவல்களைத் தானாக வெளியிடச் சொல்கிறது. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது. அரசிடம் உள்ள தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைப்பதற்கான தரவுப் பகிர்வுக் கொள்கையை மத்திய அரசு 2012-லேயே அறிவித்துவிட்டது. பக்கத்தில் கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்கப் பறவைகளைப் பதிவுசெய்து சுமார் 3 லட்சம் பதிவுகளைத் திரட்டினார்கள். அதைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, கணக்கெடுப்பு விவரங்களைக் குளத்தின் பெயர், ஊராட்சி, சர்வே எண் போட்டு, பழைய ஆண்டுகளையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். ஸ்கேன் செய்த படமாக வேண்டாம். தேடவும் கூட்டிப் பார்க்கவும் முடிகிற அட்டவணையாக வேண்டும். குளத்து மரங்களை ஏலம் விடுமுன், மண் எடுக்க அனுமதி கொடுக்குமுன் அந்த அட்டவணையைப் பார்த்தாக வேண்டும் என்று வருவாய்த் துறைக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் தங்கள் துறை மூலம் எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை. நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில், அழிவின் விளிம்பில் உள்ள பாறு கழுகு எந்த மரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்று ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடங்களை மறைத்தே வைக்கலாம். பல்லுயிர்ச் சட்டம், 2002-இன்படி உள்ளாட்சிகளில் இருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் மூலிகை, வைத்திய முறை பற்றிய பகுதியை ஊரார் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. மற்றப் பகுதிகளை யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊராட்சிப் பதிவேட்டை நான் கேட்டபோது, அது பீரோவில் பூட்டியிருக்கிறது, சாவி இல்லை என்றார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய புத்தகம் அது.

வருகிற தை மாதக் கணக்கெடுப்புக்கு முன் இதற்கு ஆணை பிறப்பித்தால், அடுத்த பங்குனி ஏலத்துக்கு முன்பே எங்கள் குளங்களில் உள்ள பறவைக் கூடுகளின் கணக்கு ஏலம் விடுபவர் கையில் இருக்கும். தமிழ்ப் பறவைப் பெயர்களைச் சரிபார்க்கவும், பழைய படிவங்களைக் கணினியில் ஏற்றவும் ஆள் வேண்டுமென்றால் நாங்கள் சம்பளம் வாங்காமல் செய்து தருகிறோம். எங்கள் நோட்டுகள் பன்னிரண்டும் பத்திரமாக இருக்கின்றன. நகல் இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நீர்ப்பறவைக் கணக்கெடுப்புத் தன்னார்வலர்

இணைப்பு: களக் குறிப்பேடுகளின் நகல் – 12