காதில் விழாத மாதிரி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போனேன். அடிவாரம் தாண்டியதும் முன் இருக்கைப் பெரியவர் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் அவருடைய தங்கை. மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனதைச் சொல்லி அழுதார். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழெட்டு கடப்பதற்குள் பெண்ணின் பெயர், வேலை பார்க்கும் இடம், மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பவுன் எல்லாம் வண்டிக்கே தெரிந்துவிட்டது. தான் அழுவதை ஒரு பேருந்தே கேட்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. அதுதான் எனக்கு உறுத்தல்.

நான் வளர்ந்தது அம்மாபேட்டையில், தறிக்காரர்கள் தெருவில். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். ராத்திரி தறிச் சத்தம் நின்றால் அந்த வீட்டுச் சண்டை அட்சரம் பிசகாமல் கேட்கும். காலையில் குழாயடியில் அந்த அக்காவிடம் அம்மா, “தண்ணி வந்துருச்சா?” என்பதோடு சரி. ஒருநாள் நான் வாயைத் திறந்தேன். தொடையில் கிள்ளு விழுந்தது. அந்தரங்கத்தைக் காத்தது சுவர் இல்லை, அம்மாவின் அந்தக் கிள்ளுதான்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. “விசேஷம் உண்டா?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள். என் மனைவி மூன்று வருஷம் பதில் சொன்னாள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட்டவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. ஆதார் தொடர்பான வழக்கு அது. சரி, அரசாங்கத்துக்குக் கடிவாளம் போட்டாயிற்று. முன் இருக்கைக்காரருக்கு யார் போடுவது?

கடைகளில் இன்னொரு கூத்து. பில் போடுபவர் “நம்பர் சொல்லுங்க” என்று சத்தமாகக் கேட்கிறார். பின்னால் பத்துப் பேர் நிற்க, ஒரு இளம்பெண் தயங்கித் தயங்கிப் பத்து இலக்கங்களைச் சொன்னதைப் பார்த்தேன். வாடிக்கையாளரிடம் நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லியிருக்கிறது. அப்படியே வேண்டுமென்றாலும் அவரையே தட்டச்சு செய்யச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பேருந்துகளிலும் ஸ்பீக்கர் வேண்டாம் என்று நடத்துநர் ஒரு வார்த்தை சொல்லலாம்.

அன்றைக்கு நானே சொன்னேன். பெரியவரின் தோளைத் தொட்டு, “ஸ்பீக்கர்ல இருக்குதுங்க” என்றேன். “காது சரியாக் கேக்காதுங்க” என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அவராகவே, “வண்டில இருக்கேன் கண்ணு, இறங்கிக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.