மேசை போட்டு மெடிகேர் விற்பவர்களுக்கு ஒரு மடல்

டாலஸ் வட்டாரத்தில் கோயில் மண்டபம், தமிழ் விழா, மளிகைக் கடை வாசல் என்று மேசை போட்டு, 65 தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெயரில் திட்டம் விற்க உட்காரும் ஏஜென்ட் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் பொங்கல் விழாவில் உங்கள் மேசையைக் கடந்து போனேன். ஒரு பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். "ஜீரோ பிரீமியம்ங்க அங்கிள், பல்லு, கண்ணாடி எல்லாத்துக்கும் அவனே குடுத்துடுவான்" என்று உங்களில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். 2025 மார்ச்சில் என் அப்பாவிடம் சொன்ன அதே வசனம், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அன்றைக்கு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

பார்ட் ஏ ஆஸ்பத்திரிக்கு, பி டாக்டருக்கு, சி என்பது அட்வான்டேஜ், டி மருந்துக்கு என்றெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் கேட்பது ஒன்றுதான். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், ஒரே ஒரு தாளில், தமிழில், வழி இரண்டு இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். ஒன்று, தனியார் கம்பெனி நடத்த, நீங்கள் விற்கும் அட்வான்டேஜ். இன்னொன்று, அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரோடு, அது நம் தலையில் விடும் செலவை அடைக்கச் சேர்த்து வாங்கும் மெடிகேப். அந்த மெடிகேப்பை உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்க, 65 தாண்டி பார்ட் பி தொடங்கியதிலிருந்து பொதுவாக ஆறு மாதம்தான் அவகாசம், அப்புறம் சில விதிவிலக்குகள் தவிர நம் டெக்சாஸில் கம்பெனிக்காரன் பழைய நோய் புதிய நோய் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு முடியாது என்று கையை விரிக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் முடிந்ததும் மெடிகேரில் சேர்ந்தார். ஊரில் இபியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்த நாட்டில் ஒரு நாள்கூடச் சம்பளம் வாங்கியதில்லை, அதனால் பார்ட் ஏ-வை இலவசமாக வாங்க இங்கே வேலை பார்த்திருக்க வேண்டிய அந்த 40 காலாண்டுக் கணக்கில் அவருக்கு ஒன்றும் இல்லை. பார்ட் ஏ-வுக்கு மாதம் 518 டாலர், பார்ட் பி-க்கு 185, ஆக 703 டாலர் கட்டினோம். 2026-இல் அது 767.90 ஆகிவிட்டது. இதைக் கட்டினால்தான் உங்கள் ஜீரோ பிரீமியம் திட்டத்துக்குள்ளேயே நுழைய முடியும்! மாதம் 703 டாலர் கட்டுகிற மனிதரைப் பார்த்து ஜீரோ என்று சொல்லத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

"நம்ம பக்கத்துத் தம்பி, தூத்துக்குடியாம்" என்று தன்னைச் சேர்த்துவிட்ட ஏஜென்டைப் பற்றி அப்பா வந்து சொன்னார். அதற்குமேல் அவருக்கு விசாரணை தேவைப்படவில்லை. எந்த நோட்டீஸாக இருந்தாலும் கடைசி வரிவரை படிக்கிறவர்தான், ஆனால் நீங்கள் அனுப்பியது ஆங்கிலத்தில் தலையணை கனத்துக்கு இருந்தது. நானும் படிக்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆறு மாதக் கணக்கு செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. அப்படி ஒரு கணக்கு ஓடியதே எங்களுக்குத் தெரியாது.

அக்டோபரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ரீஹாப், மறுபடி நடக்கப் பழக்கும் இடம். டாக்டர் சொன்ன இடம் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள இடங்களின் பட்டியலான நெட்வொர்க்கில் இல்லை, நெட்வொர்க்கில் இருந்த இடத்துக்கு கம்பெனியின் முன் அனுமதி வர நான்கு நாள், அதுவரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடந்தார். போய்ச் சேர்ந்த பதினோராம் நாள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவுவரை போய்வரப் பழகியிருந்தபோது, ஒரு தாள் வந்தது. நாளை மறுநாளோடு கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்துகிறதாம். அப்பீல் செய்வதென்றால் அதற்கு முந்தின நாள் மதியத்துக்குள் போன் செய்துவிட வேண்டும். ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டு செய்தேன். ஜெயித்தோம். எட்டு நாள் கழித்து அதே தாள் மறுபடி வந்தது. இந்தத் தடவை தோற்றோம். அப்பாவுக்கு அதைப் படித்துச் சொன்னேன். "நான் நடக்கலைன்னு எழுதியிருக்கானா, நடந்துட்டேன்னு எழுதியிருக்கானா?" என்று கேட்டார். நடந்துவிட்டீர்கள் என்றுதான் எழுதியிருந்தது, வாக்கரோடு 50 அடி. எங்கள் வீட்டில் படுக்கையறை மாடியில். கூடத்தில் கட்டில் போட்டோம்.

அசல் மெடிகேரிலும் ரீஹாப் 100 நாளுக்கு மேல் கிடையாது, அதுவும் தேவை இருக்கும்வரைதான், தெரியும். ஆனால் அங்கே ஒரு கம்பெனி நடுவில் உட்கார்ந்து இவர் எத்தனை அடி நடந்தார் என்று வாராவாரம் அளந்து பார்ப்பதில்லை. மெடிகேப்பும் சும்மா வராது, மாதாமாதம் தனியாகப் பணம் கட்ட வேண்டும், மருந்துக்குப் பார்ட் டி தனி. எல்லாம் தெரிந்தே அட்வான்டேஜை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் தப்பே இல்லை. அப்பாவும் அதையே எடுத்திருக்கலாம். தெரிந்து எடுத்திருப்பார்.

அந்தத் தம்பிக்கு ஆறு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றும் சீசன் அல்லவா, பாவம், வேலை அதிகம். மெடிகேருக்குப் புதிதாக வந்த ஒருவரை அட்வான்டேஜில் சேர்த்தால் 2025-இல் டெக்சாஸில் 626 டாலர் வரை கமிஷன், அப்புறம் அவர் அதிலேயே இருக்கும் ஒவ்வொரு வருடமும் அதில் பாதி. அந்தப் பாதிக்காவது ஒரு போனை எடுத்திருக்கலாம்.

இந்த எழுத்துகளை வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். பார்ட் ஏ, பி, சி, டி என்று வைத்தார்கள், சரி. மெடிகேப்புக்கும் எதற்கு பிளான் ஏ, பிளான் பி என்று மறுபடி முதலிலிருந்து? பிளான் ஜி நல்லது என்று நான் சொன்னால், பார்ட் ஜி எங்கே இருக்கிறது என்று அம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எழுத்துக்குப் பஞ்சம் என்றால் எங்களிடம் 247 இருக்கிறது, கேட்டால் தந்திருப்போமே.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். மார்ச் 31-க்குள் அப்பா அசல் மெடிகேருக்குத் திரும்பலாம். மெடிகேப் கிடைக்காமல் திரும்பினால் பார்ட் பி செலவில் 20 சதவீதம் எங்கள் தலையில், அதற்கு உச்சவரம்பும் இல்லை. நான்கு கம்பெனிகளைக் கேட்டுப் பார்த்தேன். இடுப்பு, சர்க்கரை என்றதுமே நான்கு பேரும் முடியாது என்றுவிட்டார்கள். இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொன்னவர் டெக்சாஸில் ஹைகேப் என்ற பெயரில் நடக்கும் இலவச ஆலோசனையில் இருந்த ஒரு அம்மாள். அவருக்குக் கமிஷன் கிடையாது. அந்த விவரத்தையும் தாளின் அடியில் சேர்த்துவிடுங்கள்.

உங்களில் நேர்மையாகச் சொல்லி விற்பவர்கள் இருப்பீர்கள், உங்களுக்கு இந்தத் தாளால் ஒரு நஷ்டமும் வராது. கையெழுத்துக்கு முன்னால் ஒரு தாள், தமிழில். தயவுசெய்து கொடுங்கள். வாசகத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்கூட வரவில்லை. அடுத்து நீங்கள் மேசை போடும் இடத்துக்கு 100 பிரதி எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் காலண்டர் அடுக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
கூடத்தில் கட்டில் போட்டிருக்கும் ஒரு மகள்