நம்மட கணக்குக் கழகம்: இந்த வருசத்து ஆண்டறிக்கை

தலைவர் சேர், பொருளாளர் தங்கச்சி, நிர்வாகத்து ஆக்கள், தாய் தகப்பன்மார், பின்னால பாயில இரிந்து கதைச்சிட்டு இரிக்கிற புள்ளையள் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பொதுக்கூட்டத்தண்டு கரண்ட் போனதால அறிக்கைய பாதியோட நிப்பாட்டினன், முழுசையும் எழுதித் தாங்க எண்டு கேட்டிரிந்தயள், இதுதான் அது. எனக்கு மேடைத் தமிழ் வராது, வாயில வாறமாதிரித்தான் எழுதியிரிக்கன்.

முதல்ல ஒரு திருத்தம். போன வருச அறிக்கையில "வாற புள்ளையள்ல ஆம்புளையும் பொம்புளையும் 3:2" எண்டு எழுதினன், நீங்களும் கை தட்டி ஏத்துக்கிட்டயள். பிழை. தரம் 9 படிக்கிற ஒரு மகள் எழும்பி, "மாமா, இரிக்கிறது 20 பேர், அதுல நாங்க 12, நீங்க எங்கள எட்டாக்கிப் போட்டயள்" எண்டு கேட்டா. எண் ரெண்டும் சரி, எந்தப் பக்கம் எது எண்டதுதான் மாறிப் போச்சு. அத பதிஞ்சு கொள்ளுங்க. சொன்னா நம்பமாட்டயள், இந்த வருசம் முழுக்க நாம பட்ட பாடும் இதே பாடுதான்.

கூட்டம் வழமை மாதிரி சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, நூலகத்து மேல்மாடியில. ஞாயிறு காலமை அறநெறி, மறுகா ரியூசன், வெள்ளிக்கிழமை ஜும்ஆ, காத்தான்குடிப் புள்ளையளுக்கு ஏலா, அதால சனிய விட்டா வேற நாள் இல்ல. மட்டக்களப்பு வாவிக்கு அங்கால, படுவான்கரைப் பக்கமிரிந்து நாலஞ்சு பேர் மண்முனைப் பாலத்தால சைக்கிள்ல வாறாங்க, 2014ல பாலம் தொறக்க முந்தி எண்டா பாதையில, அதான் ஆக்கள ஏத்தி இறக்குற மிதவையில, ஏறி வந்து கிறுகிப் போகவே பொழுது பட்டிரிக்கும். மாரியில மூணு சனி கூடல்ல, ரோட்டுல தண்ணி.

இந்த வருசம் விகிதம் மட்டும்தான் செய்யிற எண்டு முடிவெடுத்ததுக்கு ஒரு காரணம் இரிக்கு. ஒரு போட்டிக்கு நம்மட புள்ளையள் போனாங்க, எந்தப் போட்டி எண்டு இதுல எழுதல்ல, கேக்கவும் வேணாம். அதுல வந்த கேள்வி: ஏபிசி எண்டு ஒரு முக்கோணி, பிசி பக்கத்துல டி எண்ட புள்ளி பக்கத்த 2:3 ஆப் பிரிக்குது, ஏடி கோட்டுட நடுப்புள்ளி ஈ, பிஈ ய நீட்டினா ஏசி ய எஃப்ல முட்டுது, ஏஎஃப்புக்கும் எஃப்சிக்கும் விகிதம் என்ன? பாதிப் பேர் 2:5 எண்டு எழுதினாங்க, கொஞ்சப்பேர் 3:5. 3:5 எழுதினவங்களுக்கு மார்க்ஸ் இல்ல. வீட்ட வந்து பார்த்தா தமிழ்க் கேள்வித்தாள்ல "பிசி பக்கத்தை 2:3 இல் பிரிக்கும்" எண்டு மட்டும்தான் கிடக்கு, பி பக்கம் ரெண்டா சி பக்கம் ரெண்டா எண்டு ஒரு எழுத்து இல்ல. பிசி எண்டு எழுதினா பியில இரிந்துதான் எண்ணோணும் எண்டு தலைவர் சேர் சொல்றார், அது வழக்கம், ஒத்துக்கிறன். ஆனா 13 வயசுப் புள்ளைக்கு அந்த வழக்கத்த யாரு எப்ப சொல்லிக் குடுத்த? பிடி:டிசி எண்டு போட்டிரிந்தா நாலு எழுத்து மையிதான் கூட. கடிதம் எழுதினம், பதில் வரல்ல. நகல் ஃபைல்ல இரிக்கு.

சரி, அந்தக் கேள்வியோட நாம நாலு சனி மல்லுக்கட்டினம், அத கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், இந்த வருசத்துட உருப்படியான வேலை அதுதான்.

நான் கணக்கு வாத்தி இல்ல எண்டு உங்களுக்குத் தெரியும், சர்வே பார்ட்டியோட சங்கிலி இழுத்து பென்சன் எடுத்த ஆள். எனக்கு எல்லாமே காணிதான். அதால நான் பரப்பளவாத்தான் பார்த்தன். முழு முக்கோணியும் 10 பேர்ச்சஸ் எண்டு வைங்க. ஏடி கோடு அத ரெண்டாக்குது, உயரம் ரெண்டுக்கும் ஒண்டு, அடி 2க்கு 3, அப்ப பி பக்கம் 4, சி பக்கம் 6. ஈ நடுப்புள்ளி, அதால அந்த 4 ரெண்டு ரெண்டாவும் 6 மூண்டு மூண்டாவும் உடையுது. இப்ப பிஈ கோட்டுக்கு ஒரு பக்கம் ஏபிஈ, அது 2. மத்தப் பக்கம் சிபிஈ, அது 2ம் 3ம் 5. ரெண்டு முக்கோணிக்கும் பிஈ பொது அடி, அப்ப பரப்பு எப்புடியோ ஏஎஃப்பும் எஃப்சியும் அப்புடித்தான், 2:5. ஒரு தேற்றத்துட பேரும் சொல்லல்ல பாருங்க.

தலைவர் சேர் சிரிச்சுத்து, இதுக்கு இவ்வளவு காணி உழத் தேவையில்ல எண்டு டியில இரிந்து பிஎஃப்புக்கு சமாந்தரமா ஒரு கோடு கீறினார், அது ஏசியில ஜியில முட்டுது. ஈ நடுப்புள்ளி எண்டதால எஃப்பும் ஏஜிட நடு. மத்தப் பக்கத்துல எஃப்ஜியும் ஜிசியும் 2:3. அப்ப ஏசி முழுக்க 2, 2, 3 எண்டு துண்டாகுது, முதல் துண்டுக்கு மிச்சம் 2:5. ஸ்கூல்ல படிச்ச நடுப்புள்ளித் தேற்றமும் சமாந்தரக் கோட்டு விகிதமுமே காணும். அழகுதான், மறுக்கல்ல, ஆனா அந்தக் கோட்ட அந்த இடத்துல கீற வேணும் எண்டு புள்ளைக்கு எப்புடித் தோணும் எண்டு கேட்டன். "கீறிக் கீறித்தான் தோணும்" எண்டார்.

மூண்டாவது முறைதான் புள்ளையளுக்குப் புடிச்சது, நான் எதிர்த்தது. பாரம் வைக்கிற முறை. பியில 3 பாரம், சியில 2 பாரம் வச்சா டியில சமமா நிக்கும், கிட்ட இரிக்கிறதுக்குத்தான் கூடப் பாரம். டியில மொத்தம் 5. ஈ நடுவுல நிக்கணும் எண்டா ஏயிலயும் 5. இப்ப ஏசிய மட்டும் பாத்தா ஒரு முனையில 5, மத்த முனையில 2, அப்ப எஃப் எங்க நிக்கும்? ஏக்குக் கிட்ட, 2:5. அதோட சும்மா இன்னொண்டும் கிடைக்குது, பியில 3, எஃப்ல 7, அதால பிஈக்கும் ஈஎஃப்புக்கும் 7:3.

ஒரு பொடியன் இத நம்பல்ல. செய்து காட்டுங்க எண்டு நிண்டான். தென்னோலை ஈர்க்கு ஒண்ட 30 சென்ரிமீற்றருக்கு வெட்டி, ஒரு முனையில மூணு புளியங்கொட்டை, மத்ததுல ரெண்டு, பசை டேப்பால ஒட்டி பேனைக்கு மேல வச்சான். மூணு கொட்டை முனையில இரிந்து 12ல நிக்கணும். நிக்கல்ல. ஈர்க்குட அடி தடிப்பு, நுனி மெல்லிசு, கொட்டையளும் ஒண்டுக்கொண்டு பாரம் வித்தியாசம், ஈர்க்குட பாரமே கொட்டைய வெண்டு போட்டுது. நான் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டன், உண்மையச் சொல்லோணும். மறுகா படுவான்கரையால வாற மகள் ஒண்டுதான் சொன்னா, நாலு ஈர்க்க எடுத்து ரெண்டுக்கு அடி இப்புடி ரெண்டுக்கு அடி அப்புடி வச்சு நூலால கட்டுவம், கொட்டைக்குப் பதிலா பத்து ரூபாக் குத்தி ஒட்டுவம் எண்டு. கட்டினம், ஒட்டினம். ஈர்க்குட பாரம் நடுவுக்கு இழுத்ததால 12ஐ விட ஒரு நூல் தள்ளி நிண்டுது, அவ்வளவுதான். பொடியன் குத்தி அஞ்சையும் கழட்டி பொருளாளர் தங்கச்சிட கையில திருப்பிக் குடுத்தான், அதுக்கு ரசீது இல்ல.

இந்தப் பாரம் வைக்கிறது சில்லறை வித்தை எண்டு நான் சொல்லித் திரிஞ்சத வாபஸ் வாங்குறன். முக்கோணிட மூலையில இரிந்து எதிர்ப் பக்கத்துக்குக் கீறுற மூண்டு கோடு ஒரே புள்ளியில சந்திக்கிறது எப்ப எண்டு சொல்ற தேற்றம் இரிக்கே, இத்தாலிக்காரர் ஜியோவன்னி சேவா 1678ல வெளியிட்டது, அவரும் பாரத்த வச்சுத்தான் அதுக்கு நியாயம் காட்டினவராம். ஆனா அவருக்கும் ஏறத்தாழ 600 வருசத்துக்கு முந்தி, ஸ்பெயின் நாட்டு சரகோசாவ ஆண்ட அல் முஃதமன் இப்னு ஹூத் எண்ட அரசர் அதையே நிறுவியிரிந்தார். ராஜாவுக்கு என்னத்துக்கு முக்கோணி எண்டு நான் கேட்டதுக்கு, காத்தான்குடிப் பொடியன் ஒராள், "அவருக்கும் காணி இரிந்திரிக்கும்தானே மாமா" எண்டான். சபை என்ன விட்டுட்டு அவனோட சேர்ந்துத்து.

அந்த நாலு சனி முடியிற நேரம் தரம் 8 புள்ளை ஒண்டு ஒரு தாளோட வந்தா. ஈ நடுப்புள்ளியா இரிந்தா டி எங்க இரிந்தாலும் ஏஎஃப்:எஃப்சி எண்டது பிடி:பிசிதான் எண்டு. 2:3 எண்டா 2:5, 3:2 எண்டா 3:5. அப்ப போட்டியில 3:5 எழுதினவங்களுக்கு கணக்கு ஒண்டும் பிழைக்கல்ல, டிய மத்தப் பக்கம் வச்சு சரியாத்தான் செய்திரிக்காங்க. இத ரெண்டாவது கடிதமா எழுதினம். அதுக்கும் பதில் இல்ல.

அடுத்தது வளவுக் கணக்கு. முக்கோண வளவு, 42 பேர்ச்சஸ். ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரே சுத்துல மூண்டுல ஒரு பங்குல ஒரு கட்டை அடிச்சு, எதிர் மூலையில இரிந்து அந்தக் கட்டைக்குக் கயிறு இழுத்தா நடுவுல ஒரு குட்டி முக்கோணி விழும், அது எத்தின பேர்ச்சஸ்? முதல்ல 1:2 எண்டா அரைவாசி எண்டு நினைச்சவங்க ஆறு பேர், பெரியாக்களும் அதுக்குள்ள. 1:2 எண்டா மொத்தம் மூண்டு பங்கு, ஒண்டு மூண்டுல ஒண்டு, அத எழுதி சுவர்ல ஒட்டி வச்சும் மாசக்கணக்கா அதே பிழை. பதில் சொன்னவங்க 14 எண்டாங்க, மூண்டுல ஒண்டாம். வேற ஆக்கள் ஒன்பதுல ஒண்டு. சரியான விடை ஏழுல ஒண்டு, 6 பேர்ச்சஸ். ஏழு எங்கால வந்த எண்டு எல்லாரும் முழிச்சாங்க. ரெண்டு கயிறு வெட்டுற புள்ளிய எடுத்து, அதுல இரிந்து மூண்டு மூலைக்கும் கோடு போட்டா மூண்டு முக்கோணி வரும். ஒரு கயிறு சொல்லுது, இதுக்கும் அதுக்கும் 1:2. மத்தக் கயிறு சொல்லுது, அதுக்கும் அடுத்ததுக்கும் 1:2. அப்ப 1, 2, 4, கூட்டினா 7. அந்த மூண்டு எண்ணுல நடு எண் 2 பங்கு, அது 12 பேர்ச்சஸ், இப்புடி மூண்டு 12 குட்டி முக்கோணியச் சுத்தி ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறாம அடுக்கும், 36 போக மிச்சம் 6. சங்கிலி இழுத்த காலத்துல இது தெரிஞ்சிரிந்தா சகோதரங்கள்ட சண்டைக்குள்ள நான் இன்னும் வாய் விட்டிரிப்பன், தெரியாம இரிந்ததும் நல்லம்.

நீளத்துட விகிதத்த அப்புடியே பரப்புக்கும் கொள்ளளவுக்கும் போடுற பிழைக்கு தயிர்ச் சட்டி கொண்டாந்தம். உயரம் 2:3 ஆன ரெண்டு சட்டி, ரெண்டும் ஒரே உருவம் எண்டா தயிர் 8:27. சின்னதுக்கு எட்டுக் கிளாஸ் தண்ணி எண்டா பெரிசுக்கு 27 போகோணும், எங்களுக்கு 25தான் போச்சு. பெரிய சட்டிட வாயும் வயிறும் சரியா ஒண்டரை மடங்கு இல்ல, கையால வனைஞ்சது அப்புடித்தான். ஆனா "ஒண்டரை மடங்கு உயரம், அப்ப ஒண்டரை மடங்கு தயிர்" எண்டு சொன்ன வாய் எல்லாம் அண்டையோட மூடிப் போச்சு. தாய்மார் ரெண்டு பேர் கடையில விலை விசாரிக்கப் போறம் எண்டு அப்பவே எழும்பினாங்க.

கோண இருகூறாக்கிக் கணக்கு, அதான் மூலைக் கோணத்த சரிபாதியாக்கி அடிக்குக் கீறுற கோடு, ஒரு சனியில முடிஞ்சுத்து. பக்கம் 6ம் 9ம், அடி 10 எண்டா அடி 4ம் 6மா உடையும், நடுவுல உடையாது, அவ்வளவுதான்.

சுவாமி விபுலாநந்தர நினைக்கிற நாள் ஆடி மாசத்துல வந்ததால ஒரு சனிய அதுக்கு விட்டம். காரைதீவுல 1892ல பிறந்து, 1947ல, பழைய தமிழிசையப் பத்தி அவர் எழுதின யாழ் நூல் வெளிவந்த அதே வருசம், காலமான மனுசன், சமாதி கல்லடியில, நமக்குக் கிட்ட. பண் படிக்கத் தெரிஞ்ச மகள் ஒண்டு பலகையில கம்பி இழுத்துக் கட்டிக் கொண்டாந்தா. முழுக் கம்பி குரல் (ச எண்ட சுரம்) எண்டா மூண்டுல ரெண்டு பங்குல விரல வச்சா இளி (ப எண்ட சுரம்). அரைவாசியில வச்சா அதே குரல் மேல கேக்கும். பொடியன்கள் அடிமட்டத்தால அளந்து அளந்து விரல் வச்சாங்க, அவ அளக்காமலே வச்சா, ரெண்டும் ஒரே இடம். அண்டு மட்டும் ஆறு மணி தாண்டியும் ஒராளும் எழும்பல்ல.

நிதி விசயம் பொருளாளர் தங்கச்சி தனியா வாசிப்பா, நான் ஒண்டு மட்டும் சொல்றன், தேத்தண்ணிக்கும் போட்டோக்கொப்பிக்கும் செலவு 3:1. தேத்தண்ணிதான் 3. இந்த முறை வடிவாப் பாத்து எழுதியிரிக்கன். வெள்ளைப் பலகை ஒண்டு பழசா கிடைச்சுது, தந்தவர் பேர் போட வேணாம் எண்டார். நூலகப் பொறுப்பாளருக்கு நன்றி, அவர் ஆறு மணிக்குப் பூட்டுறவர், நம்மளுக்காக ஆறேகால் ஆக்கினார்.

அடுத்த வருசத்துக்கு வட்டத்துக்குள்ள வாற விகிதம், நாண் வெட்டுற கணக்குகள் செய்யலாம் எண்டு தலைவர் சேர் சொல்றார். எனக்கு வட்டம் பெரிசா ஓடாது, வட்டமா காணி யாரும் வாங்கினதாத் தெரியல்ல. செயலாளர் பதவிக்கு வேற யாரும் வாறதெண்டா சந்தோசமா விட்டுக் குடுக்கன். கடிதம் மூண்டாவது தரம் எழுதுறதா வேணாமா எண்டு சபை கை தூக்கிச் சொல்லோணும், கரண்ட் போனதால அது அண்டைக்கு நிண்டு போச்சு, அடுத்த சனி நாலு மணிக்கு முதல் வேலையா எடுப்பம். அண்டைக்கு ஈர்க்குக் கொண்டாறவங்க அடியையும் நுனியையும் வெட்டிப் போடாம முழுசாக் கொண்டாங்க.

இப்படிக்கு,
செயலாளர்