புடைப்புக்கு விளக்கம் எழுதும் முன்: கோட்பாட்டுத் துகள் இயற்பியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோட்பாட்டு இயற்பியலாளர்களுக்கு,

வணக்கம். பெரிய ஹாட்ரான் மோதுவியின் ஜோடி ஃபோட்டான் (ஒளித்துகள்) தரவில் 95 ஜிஇவி (துகள் நிறையை அளக்கும் ஆற்றல் அலகு) அருகே தெரியும் சிறு புடைப்புக்கு, அதாவது எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமான நிகழ்வுகளுக்கு, புதுத் துகள் ஒன்றைக் காரணமாகக் காட்டி உங்களில் பலர் மாதிரிகள் எழுதிவருகிறீர்கள். எழுதுங்கள், அது உங்கள் வேலை. ஆனால் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இன்னும் எவ்வளவு தரவு வந்த பிறகும் எது தெரியாவிட்டால் உங்கள் மாதிரியைக் கைவிடுவீர்கள்?

750 ஜிஇவி-யில் இதேபோல் தெரிந்த புடைப்பை மறந்திருக்க மாட்டீர்கள். 2015 டிசம்பர் 15 அன்று மோதுவியை நடத்தும் செர்ன் ஆய்வகத்தில், அதன் இரு பெரிய உணர்கருவிகளை இயக்கும் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 13 டிஇவி (ஒரு டிஇவி ஆயிரம் ஜிஇவி) மோதல்களின் முதல் ஆண்டுத் தரவைக் காட்டின. அட்லஸுக்கு 3.6 சிக்மா (கூடக் கூட, தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பு குறையும் அளவு), சிஎம்எஸுக்கு 760 அருகே 2.6. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில், கூடுதல் தரவு வந்ததும், புடைப்பு காணாமல் போனது. இடைப்பட்ட எட்டு மாதங்களுக்குள் 500-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்திருந்தன.

அந்த 3.6 என்பது அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் கிடைக்கும் எண். தற்செயலாக நேர ஏறக்குறைய 6,000-த்தில் ஒரு வாய்ப்பு. ஆனால் தேடியது நூற்றுக்கணக்கான ஜிஇவி நீளமுள்ள பரப்பில். எங்கே மேடு எழுந்திருந்தாலும் கவனித்திருப்போம் என்பதைக் கணக்கில் எடுத்தால் 2.0 சிக்மா, அதாவது 44-ல் ஒன்று. சிஎம்எஸுக்கு 1.2, ஒன்பதில் ஒன்று. இரண்டு குழுவும் ஒரே இடத்தைக் காட்டியது வலுவான வாதம்தான், மறுக்கவில்லை. முன்னுரையில் இரண்டு வகை எண்களையும் சேர்த்தே எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஒரு தாளும் பேனாவும் போதுமான சோதனை ஒன்று உண்டு. 13 டிஇவி-யில் விளைச்சல் (துகள் உருவாகும் வீதம்) 10 ஃபெம்டோபார்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்லஸ் அதுவரை சேர்த்திருந்த தரவு 3.2 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் (தரவின் அளவைச் சொல்லும் அலகு). பெருக்கினால் 32 நிகழ்வுகள். துகள், மோதும் புரோட்டான்களுக்குள் இருக்கும் இரண்டு குளுவான்களிலிருந்து பிறந்தால், முந்தைய ஓட்டத்தின் 8-லிருந்து 13 டிஇவி-க்குப் போகும்போது விளைச்சல் சுமார் 4.7 மடங்கு கூடும். அப்படியானால் 8-ல் 2.1 ஃபெம்டோபார்ன், அந்தப் பழைய தரவு 20.3 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன், ஆக 43 நிகழ்வுகள். புரோட்டானின் மற்ற உட்துகள்களான லேசான குவார்க்குகளிலிருந்து பிறந்தால் மடங்கு 2.5 அளவுதான், எதிர்பார்ப்பு 81 ஆகிவிடும். (உணர்கருவி தவறவிடுவதை எதிலும் கழிக்கவில்லை.) எப்படிப் பார்த்தாலும் பழைய தரவில்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். அட்லஸின் பழைய தரவில் அங்கே இருந்தது 1.9 சிக்மா மட்டுமே.

அடுத்தது அகலம், அதாவது புடைப்பு எவ்வளவு ஜிஇவி பரவியிருக்கிறது என்பது. இங்கேதான் அதிக உழைப்பு வீணானது. ஃபோட்டான் ஜோடியின் நிறையை அட்லஸ் ஏறக்குறைய ஒரு சதவீதத் துல்லியத்தில் அளக்கிறது. மெல்லிய புடைப்பு என்று கொண்டால் 3.6, அகலத்தையும் தளர்த்திவிட்டால் 45 ஜிஇவி-யில் 3.9. கையில் இருந்த உபரி நிகழ்வுகள் மிகச் சில. வரைபடத்தில் பக்கத்து நிறைப் பெட்டிகளில் தற்செயலாக விழுந்த ஒன்றிரண்டையும் அகன்ற வளைவு விழுங்கிக்கொள்ளும், பொருத்தம் மேம்பட்டதுபோல் தெரியும். சிஎம்எஸ் தரவோ மெல்லியதையே விரும்பியது. ஆனாலும் 45-ஐ அளந்த எண்ணாகவே எடுத்துக்கொண்டு, அதை எட்டுவதற்காக மின்னூட்டமுள்ள புதுத் துகள்களை அடுக்கிய மாதிரிகள் வந்தன. துகள்களை அடுக்க அடுக்க, விசையின் வலிமையைச் சொல்லும் பிணைப்பு எண் சில டிஇவி-க்குள்ளேயே கட்டுக்கடங்காமல் போகும்.

கூடவே தெரிய வேண்டிய சிதைவுகளையும் நிகழ்வு எண்ணிக்கையாகவே எழுதுங்கள். புதுத் துகள் ஹைப்பர்சார்ஜ் (மின்காந்த, மெல்விசைகளுக்கு அடிப்படையான ஒரு வகை மின்னூட்டம்) வழியாக மட்டும் பிணைந்தால், ஒரு ஃபோட்டான் ஜோடிக்கு 0.6 வீதம் இசட்டும் (மெல்விசையைச் சுமக்கும் கனத்த துகள்) ஃபோட்டானும் வரும். இசட் எலக்ட்ரான் அல்லது மியூவான் ஜோடியாகச் சிதைவது 6.7 சதவீதம். ஆக, 25 ஃபோட்டான் ஜோடிக்கு ஒரே ஒரு நிகழ்வு. 2015 தரவில் அது தெரியாதது மாதிரிக்கு ஆதரவும் அல்ல, எதிர்ப்பும் அல்ல. இப்படி எழுதினால்தான் பகுப்பாய்வு செய்பவருக்கு எப்போது எதைத் தேடுவது என்று தெரியும்.

கைவிடும் எல்லையைக் கணிப்பதும் எளிதே. 2016-ல் அட்லஸ் சிகாகோவுக்குக் கொண்டுவந்த புதுத் தரவு 12.2 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன், 2015-இன் 3.2-ஐப்போல 3.8 மடங்கு. சிக்மா அதன் வர்க்கமூலத்தின்படி வளரும்: 3.6 பெருக்கல் 1.95, ஏறக்குறைய 7. புதுத் தரவு மட்டுமே ஏழு சிக்மா காட்ட வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருக்கலாம்.

95 ஜிஇவி புடைப்புக்கு வருவோம். சிஎம்எஸ் 95.4-ல் 2.9 சிக்மா, பரப்பு முழுவதையும் கணக்கில் எடுத்தால் 1.3. அட்லஸ் அதே இடத்தில் 1.7. பக்கத்திலேயே 91.2 ஜிஇவி-யில் இசட் உட்கார்ந்திருக்கிறது. அது எலக்ட்ரான் ஜோடியாகச் சிதைந்து, இரண்டின் தடமும் தவறிப்போனால் உணர்கருவிக்கு அது ஃபோட்டான் ஜோடி. 750-ல் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் போலிப் பின்னணியைச் சற்று கூட்டியும் குறைத்தும் பார்த்து, உங்கள் விளைச்சல் எண் எவ்வளவு நகர்கிறது என்று காட்டுங்கள்.

மாதிரி விழுந்துவிட்டால் ஆர்க்ஸிவ் என்ற இணையக் கட்டுரைக் களஞ்சியத்தில் அதே கட்டுரையின் அடுத்த பதிப்பை ஏற்றி, சுருக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: எந்தத் தேதியில், எந்தத் தரவால் விழுந்தது என்று. பத்தாண்டு கழித்து அதைத் திறக்கும் ஆராய்ச்சி மாணவருக்கு அந்த ஒரு வரி பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

இப்படிக்கு,
தரவுப் பகுப்பாய்வுப் பக்கத்திலிருந்து சிலர்