18 மீட்டர் ஆழத்தைப் பற்றி

அன்பு மகனுக்கு,

நிலத்தடி நீரைத் தேடி நிலத்தின் மின்தடையை அளந்து நீ அனுப்பிய ஆய்வறிக்கையை இரண்டு முறை படித்தேன். குறிப்பேட்டின் பக்கங்களையும் உடன் அனுப்பியிருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. காய்ந்த மண்ணில் மின்முனைகளைச் சுற்றி உப்புநீர் ஊற்றியதையும், அதன் பிறகு முனைக்கும் மண்ணுக்கும் இடையிலான தொடுதடை எவ்வளவு குறைந்தது என்பதையும் முனைக்கு முனை எழுதி வைத்திருக்கிறாய். களத்தில் வெயிலில் நிற்கும்போது பலர் அதை எழுதுவதில்லை. ஆனால், "18 மீட்டர் ஆழத்தில் நீர் தாங்கும் அடுக்கு உள்ளது" என்று அறிக்கையின் முடிவில் நீ எழுதியிருக்கும் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

உன் கருவி நீரை அளக்கவில்லை. இரண்டு முனைகள் வழியாக நிலத்துக்குள் சென்ற மின்னோட்டத்தையும், வேறு இரண்டு முனைகளுக்கிடையே தோன்றிய மின்னழுத்தத்தையும் மட்டுமே அது அளந்தது. அந்த அளவுகளோடு ஒத்துப்போகும் ஒரு நிலத்தைக் கணினி கற்பனை செய்து தந்தது. பிழை 3 விழுக்காடுதான் என்று நீ குறிப்பிட்டிருப்பது, கணினி கற்பனை செய்த நிலம் உன் அளவுகளுக்குப் பொருந்துகிறது என்பதைக் காட்டுகிறதே தவிர, வேறெந்த நிலமும் பொருந்தாது என்பதைக் காட்டவில்லை. மின்தடை மிகுந்த இரு அடுக்குகளுக்கு நடுவே மின்சாரத்தை எளிதில் கடத்தும் மெல்லிய அடுக்கொன்று இருந்தால், மேலிருந்து அளப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் அதன் தடிமனைத் தன்மின்தடையால் (அந்தப் பொருள் மின்சாரத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு; அலகு ஓம்-மீட்டர்) வகுத்து வரும் ஈவு மட்டுமே. 10 ஓம்-மீட்டர் கொண்ட 5 மீட்டர் அடுக்கும், 20 ஓம்-மீட்டர் கொண்ட 10 மீட்டர் அடுக்கும் ஏறத்தாழ ஒரே அளவீட்டு வளைகோட்டைத்தான் தரும். அப்படியிருக்க, அந்த அடுக்கு 18 மீட்டரில் இருக்கிறது என்று அவ்வளவு துல்லியமாக எழுத உனக்கு எது துணிவு தந்தது?

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. உன் படத்தில் நீல நிறத்தில் தெரியும் 10 ஓம்-மீட்டர் பகுதி உவர்நீர் நிறைந்த மணலாக இருக்கலாம்; ஈரக் களிமண்ணாகவும் இருக்கலாம். களிமண்ணாக இருந்தால், அங்கே துளையிடுபவருக்கு நீர் கிடைக்காது. ஆகவே நீ முனைகளை நட்ட அதே கோட்டில், மின்னோட்டம் நின்ற பின்னும் நிலத்தில் தங்கும் மின்னழுத்தத்தைப் பார்க்கும் தூண்டு முனைவாக்க முறையிலும் அளந்து பார். மின்னோட்டத்தை நிறுத்திய பின் மின்னழுத்தம் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறதா, மெல்ல மெல்லத் தேய்கிறதா என்று கவனி. களிமண் கலந்த நிலத்தில் அந்தத் தேய்வு பொதுவாகத் தெளிவாகத் தெரியும்; உவர்நீர் மட்டுமே நிறைந்த தூய மணலில் அது மிகக் குறைவாக இருக்கும்.

பாறையின் மேற்பரப்பு எங்கே தொடங்குகிறது என்று அறிய நில அதிர்வு விலகல் முறை உதவும். இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடித்து, முதலில் வந்து சேரும் அலையின் நேரத்தை, தரையில் நட்ட அதிர்வு உணரிகளான ஜியோபோன்களில் படிப்பது எளிய வேலைதான். உலர்ந்த மணலில் விநாடிக்குச் சில நூறு மீட்டர் செல்லும் அலை, நீர் நிறைந்த மணலில் 1,500 மீட்டருக்கு மேலும், சிதையாத கருங்கல்லில் 5,000 மீட்டருக்கு மேலும் செல்லும். ஆனால் வேகம் மிகுந்த அடுக்குக்குக் கீழே வேகம் குறைந்த அடுக்கு ஒளிந்திருந்தால் இந்த முறை அதைக் காட்டவே காட்டாது. காட்டாததோடு, அதற்குக் கீழே உள்ளவற்றின் ஆழத்தையும் தவறாகச் சொல்லும். நிலத்துக்குள் ரேடியோ அலையை அனுப்பிப் பார்க்கும் ரேடாரை இந்த இடத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஈரக் களிமண் அதன் அலையை ஓரிரு மீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும்.

அடுத்த வேலையில் நிலத்தடிக் குழிகளை ஈர்ப்பு அளவீட்டால் தேடப் போவதாக எழுதியிருந்தாய். புறப்படும் முன் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார். கன மீட்டருக்கு 2,000 கிலோ அடர்த்தியுள்ள மண்ணில், 5 மீட்டர் ஆழத்தை மையமாகக் கொண்டு 2 மீட்டர் ஆரமுள்ள வெற்றுக்குழி ஒன்று இருந்தால், அதற்கு நேர் மேலே ஈர்ப்பு சுமார் 0.018 மில்லிகால் (ஈர்ப்பு வேறுபாட்டை அளக்கும் சிறிய அலகு) மட்டுமே குறையும். கருவி நிற்கும் உயரம் ஒரு மீட்டர் மாறினாலே, இடைப்பட்ட மண்ணைக் கணக்கில் சேர்க்காமல், 0.3086 மில்லிகால் மாறுகிறது. அதாவது உயரத்தை 10 சென்டிமீட்டர் தவறாக அளந்தால் நீ தேடும் குழி முழுவதும் அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். அங்கே உன் ஆய்வைக் காப்பாற்றப்போவது ஈர்ப்புமானி மட்டுமல்ல, மட்டம் பார்க்கும் கருவியும்தான்.

நிலத்தை மின்சாரத்தால் ஆராய்ந்த பிரெஞ்சு முன்னோடிகளான ஷ்லும்பெர்ஷே சகோதரர்களைப் பற்றி நீ படித்திருப்பாய். கொன்ராட் 1912இல் நார்மண்டியில் தரையின் மேல் சம மின்னழுத்தக் கோடுகளை வரைந்து பார்த்தார். அவர்களுடைய குழுவே 1927இல் அல்சாஸின் பெஷல்பிரானில் மின்முனைகளைத் துளைக்கிணற்றுக்குள் இறக்கி, ஆழம் ஆழமாக அளந்தது. தரைமேல் அளப்பதில் முன்னோடிகளான அவர்களே துளைக்குள் இறங்கி அளந்தார்கள் என்பதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே அந்த வாக்கியத்தை இப்படி மாற்று: "சுமார் 15 முதல் 22 மீட்டர் ஆழத்துக்குள் தன்மின்தடை குறைந்த அடுக்கு ஒன்று உள்ளது, அது நீர் நிறைந்த மணலா, களிமண்ணா என்பதை இந்த அளவீடு மட்டும் தீர்மானிக்காது." எத்தனை அளவுகளை நீக்கினாய், ஏன் நீக்கினாய் என்பதையும் எழுது. மின்னோட்ட முனைகளையும் மின்னழுத்த முனைகளையும் இடம் மாற்றி அளந்தால் ஒரே தடை வர வேண்டும். வராத இடங்களைப் படத்தில் குறித்துக் காட்டு. படத்தின் கீழ் மூலைகளை வெறுமையாக விட்டுவிடு. அங்கே உன்னிடம் அளவே இல்லை. சோதனைத் துளைக்கான இடத்தை நீல நிறம் அடர்ந்த இடத்தில் மட்டும் பரிந்துரைக்காமல், கோட்டின் மேற்கு முனைக்கு அருகிலும் ஒன்றைச் சேர். அங்கே வரும் மண் மாதிரிதான் மற்ற நிறங்களுக்கெல்லாம் பொருள் சொல்லும்.

திருத்திய அறிக்கையை மூல அளவுகளோடு சேர்த்து அனுப்பு. நானும் தனியாக ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா