கடப்பாரை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லி, ஓணான் வகைகளைச் சேகரிக்கப் போன மாணவர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையோடு ஒரு படம் இருந்தது. மலைச்சரிவில் இரண்டு பேர் கடப்பாரை போட்டுப் பாறைச் செதிலை நெம்புகிறார்கள். அதற்கு மேல் கட்டுரையில் மனம் செல்லவில்லை.

நான் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவன். ஆய்வாளர்களுக்குப் பை தூக்கிக்கொண்டு பாலைக்கும் மலைக்கும் பல வருடம் அலைந்திருக்கிறேன். வெயிலும் குளிரும் மாறிமாறிப் பட்டு ஒரு பாறை செதில் செதிலாக உரிய எத்தனையோ தலைமுறை ஆகும். நெம்பி உடைக்க ஒரு நிமிடம் போதும். அடியில் இருக்கும் விரலகல இடுக்கில்தான் பல்லி பகல் வெக்கைக்கும் இரவுக் குளிருக்கும் ஒதுங்குகிறது. பிடித்துப்போன பல்லியின் இடத்துக்கு வேறொன்று வரலாம். இடுக்கே போய்விட்டால் எங்கே வருவது?

ஓணானுக்குக் கடப்பாரை தேவையே இல்லை. காலையில் வெயில் காய அதுவே வெளியே வந்து உட்காரும். நீளக் கழியின் நுனியில் நூல் சுருக்குக் கட்டி, அவசரப்படாமல் தலைப்பக்கம் நீட்ட வேண்டும். ஆளைக் கண்டு ஓடுகிற ஓணான் நூலை அவ்வளவாகச் சட்டை செய்யாது. சில சமயம் பூச்சியென்று நினைத்தோ என்னவோ கடிக்கக்கூடப் பார்க்கும். பாலைப் பல்லிகளுக்கு இரவும் நெற்றிவிளக்கும் போதும், கண் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். வெறுங்கையோடு பாய்ந்தால் வால்தான் மிஞ்சும். முதல் வருடம் நான் சேகரித்தது பெரும்பாலும் வால்களே.

கல்லைப் புரட்டியே ஆக வேண்டுமென்றால் உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் பாம்பு இருந்தால் நடுவில் கல் மறைப்பாக நிற்கும். பார்த்து முடித்ததும், கிடந்த பள்ளத்திலேயே, கிடந்த வாக்கிலேயே வைத்துவிடுங்கள். விடப்போகிற பல்லியை முதலில் விட்டு அப்புறம் கல்லை வைக்காதீர்கள். கல்லை வைத்தபின் ஓரத்தில் விட்டால் அதுவே உள்ளே போய்விடும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஓர் அரணையை நசுக்கித்தான். அதையும் வீணாக்காமல் காலில் சீட்டுக் கட்டி, இடம், தேதி, உயரம் எல்லாம் எழுதிப் புட்டியில் போட்டோம். எப்படிச் செத்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்