டிஏபி மூட்டையும் க்யூபா படமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடிப் பட்டம் தொடங்கியதிலிருந்து கடைப் படியேறும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டிஏபி வந்துச்சா?" தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பேட்) சேர்ந்த இந்த உரம் வந்தால் அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. ஏன் இப்படி என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொல்ல நேரமில்லாததால் எழுதிக் கொடுக்கிறோம். கடைச் சுவரில் க்யூபா படத்தை ஒட்டியிருக்கிறீர்களே, நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

முதலில் மூட்டை விஷயம். நம் நாட்டில் செலவாகும் டிஏபியில் பாதி அளவுக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. இங்கே தயாராகும் மீதிக்கும் பாஸ்பேட் பாறையும் பாஸ்பாரிக் அமிலமும் மொராக்கோ, ஜோர்டான் பக்கமிருந்து கப்பலேறி வரவேண்டும். பொட்டாஷ் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. சீனா சில ஆண்டுகளாகத் தன் உர ஏற்றுமதியை அவ்வப்போது இறுக்கிப் பிடிக்கிறது. 2025-இல் டிஏபியோடு, சொட்டுநீரில் விடும் கரையும் உரங்களும் அதில் மாட்டிக்கொண்டன. அங்கே துறைமுகத்தில் சரக்கு நின்றால் இங்கே பாப்பாரப்பட்டியில் நம் குடோன் காலி.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை மூட்டை டிஏபி வேண்டுமென்றால் கூடவே விற்காத சரக்கில் இத்தனை பெட்டி எடுக்கணும் என்று மொத்த வியாபாரத்தில் கட்டிவிடுவார்கள். போன பட்டத்தில் ஓரிடத்தில் எங்களிடமும் அப்படித்தான் கேட்டார்கள். எடுத்தால் அந்தப் பெட்டிகளை உங்கள் தலையில்தான் இறக்கவேண்டும். வேண்டாம் என்றோம். எங்களுக்கு வரும் லோடு குறைந்துவிட்டது.

இது புது வித்தை இல்லை. சுப்பிரமணிய சிவா 1925-இல் கண்மூடியது நம் ஊரில்தான். அவரும் வ.உ.சி.யும் தூத்துக்குடியில் சேர்ந்து நின்ற காலத்தில், சுதேசிக் கப்பலை முடக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது. அந்தக் குடைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது சுதேசிக் கம்பெனி முழுகிய பிறகுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது.

சரி, க்யூபாவுக்கு வருவோம். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் உள்ள தீவு. அமெரிக்காவின் புளோரிடா கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். அந்தக் காலத்தில் கரும்புதான் அதற்கு முக்கிய வருமானம். அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை அமெரிக்கா வாங்கிக்கொண்டிருந்தது. 1959 புரட்சிக்குப் பிறகு நிலச் சீர்திருத்தம் வந்தது, அமெரிக்கக் கம்பெனிகளின் நிலமும் கைமாறியது. 1960-இல் சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க மாட்டோம் என்று அங்கிருந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் மறுத்தன. ஆலைகளை க்யூபா எடுத்துக்கொண்டது. உடனே ஜூலையில் சர்க்கரை கொள்முதலை அமெரிக்க அதிபர் ஐசனோவர் வெட்டினார். 1962 பிப்ரவரியில் அடுத்த அதிபர் கென்னடி முழு வாணிபத் தடை போட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் தனக்கு ஆயிரம் க்யூபச் சுருட்டு வாங்கிவரச் சொன்னாராம். வாங்கி வந்த அவருடைய செய்திச் செயலர் பியர் சாலிஞ்சரே பின்னாளில் சொன்ன கதை இது.

வெட்டிய சர்க்கரையை சோவியத் வாங்கிக்கொண்டது. எண்ணெய், டிராக்டர், உரம் எல்லாம் அங்கிருந்தே வந்தன. எங்கள் பார்வையில் க்யூபா சறுக்கியது இங்கேதான். ஒரு பெரிய வீட்டு வாசலிலிருந்து விலகி இன்னொரு பெரிய வீட்டு வாசலில் போய் நின்றது. 1991-இல் அந்த வீடும் இல்லை என்று ஆனபோது வெளி வாணிபத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, 1992-இல், அமெரிக்கா கயிற்றை இன்னும் இறுக்கியது: க்யூபாவுக்குச் சரக்கோடு போன கப்பல் அடுத்த 180 நாளுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. எந்தக் கப்பல்காரன் துணிவான்? நம் நாட்டில் மக்களிடம் திரட்டிய 10,000 டன் கோதுமை அந்த ஆண்டுதான் கப்பலில் ஹவானா போனது. வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை, டீசலும் இல்லை. அப்போது அவர்கள் வயலில் என்ன செய்தார்கள் என்பதற்காகத்தான் அந்தப் படம். டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு ஏர்மாடு பழக்கினார்கள். ஹவானா நகரத்துக் காலி மனைகளில் பாத்தி கட்டிக் காய்கறி போட்டார்கள். நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஆய்வுக்கூடங்களில், பயிர்ப் பூச்சியை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவியும் பிவேரியா பூஞ்சாணமும் வளர்த்து அந்தந்த வட்டார விவசாயிக்கே கொடுத்தார்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு நமக்கும் தெரிந்ததுதான். அதற்கு அவர்கள் ஏவியது ஒருவகைத் தலைபெருத்த எறும்பு. வாழைத்தண்டைத் துண்டுபோட்டு, இனிப்புக் கரைசல் தடவி, எறும்பு நிறைய உள்ள இடத்தில் போட்டு வைப்பார்கள். எறும்புகள் குடியேறியதும் தண்டைத் தூக்கிவந்து கிழங்கு வயலில் வெயில் படும்படி வைப்பார்கள். தண்டு காயக் காய எறும்பு மண்ணுக்குள் இறங்கிப் புற்று வைத்து, வண்டின் புழுவைத் தின்னும். மருந்துச் செலவு கிடையாது.

அதற்காக க்யூபா சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாப்பாட்டில் பெரும்பகுதியை அந்த நாடு இன்னும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. 2000-க்குப் பிறகு உணவுப் பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு வந்ததால் அமெரிக்கக் கோழிக்கறியே அங்கே இறங்குகிறது; ஆனால் ரொக்கத்தை முன்கூட்டிக் கட்டவேண்டும், கடன் கிடையாது. 2024 அக்டோபரில் நாடு முழுக்க மின்சாரம் போனது. லட்சக்கணக்கில் ஜனங்கள் வெளியேறுகிறார்கள். எல்லாவற்றுக்கும் தடைதான் காரணம் என்பது அந்த அரசுக்கு வசதியான பேச்சு. தடையே காரணமில்லை என்பது அதைவிடப் பெரிய பொய். ஐ.நா. பொதுச்சபையில் 2024-இல் தடையை நீக்கச் சொல்லி 187 நாடுகள் வாக்களித்தன, இந்தியாவும் சேர்த்து. எதிர்த்தவை இரண்டே: அமெரிக்காவும் இஸ்ரேலும். தடை அப்படியே இருக்கிறது.

நம் மரவள்ளிக்கே வாருங்கள். சில வருடம் முன்பு மாவுப்பூச்சி வந்து குருத்தெல்லாம் சுருண்டதே, எத்தனை மருந்து அடித்தோம்? கடைசியில் ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் என்ற சின்ன நாட்டிலிருந்து அந்தப் பூச்சியை அழிக்கும் ஒரு குளவியை ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டுவந்து, 2022-இல் சேலம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். மருந்து கம்மியாக அடிக்கிற வயலில் அது தங்கும்.

இனி கடை விவரம். டிஏபி வந்தால் மூட்டையில் அச்சிட்ட விலைதான், கூடவே எதையும் எடுக்கவேண்டியதில்லை. ஆதார் கொண்டுவாருங்கள், ரேகை வைக்கவேண்டும். கிடைக்காதவர்கள் காத்திருக்க வேண்டாம். ஒரு மூட்டை டிஏபியில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருக்கின்றன. மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டோடு 20 கிலோ யூரியா சேர்த்தால் ஏறக்குறைய அதே கணக்கு வந்துவிடும். தூக்குக்கூலி அதிகம், நிஜம்தான். ஆனால் சூப்பரில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் இருப்பதால் நிலக்கடலைக்கு அதுதான் தேவலை. ராகிக்கு எவ்வளவு என்பதை மண் பார்க்காமல் சொல்லமாட்டோம். நம் ஊர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துச் சீட்டு வாங்கி வாருங்கள்.

பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை, தக்கைப்பூண்டு விதை இருக்கிறது. பிவேரியா, வேப்பம்புண்ணாக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலிருந்து எடுக்கிறோம், ஒருவர் நிறுத்தினாலும் இன்னொருவர் இருப்பார். தக்காளிக் காய்ப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை (குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய காகித அட்டை) வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாங்கி அடுக்கிவைக்கும் சரக்கு அல்ல அது. வாங்கியதும் சாயங்காலமே இலையின் அடிப்பக்கம் கட்டிவிடுங்கள். அதைக் கட்டியபின் மருந்து அடித்துவிட்டு, குளவி வேலை செய்யவில்லை என்று அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தால் மட்டும் காசு திரும்பாது.

இப்படிக்கு,
உங்கள் உரக்கடை,
பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்